நேராகத் தைத்த குற்றம்

மச்சாள்,

வழக்கம்போல இன்று காலையும் கடையைத் திறந்ததும் நீ தைத்த பதினான்கு சட்டைகளையும் காற்றாடத் தொங்கவிட்டேன். பூச்சி உருண்டை மணம் கடை முழுக்கப் பரவிவிட்டது. அது உன் அலுமாரியின் மணம். உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பெரியகல்லாற்றிலிருந்து உன் மகள் அந்தச் சட்டைகள் இருந்த பையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "அம்மா இதத் திறந்து பாக்கவே விடல்ல மாமி. நீங்களே வச்சிரிங்க" என்றாள்.

இது அழுது எழுதுகிற கடிதம் இல்லை. நான் ஒருத்தியிடம் பழி தீர்த்துவிட்டு வந்திருக்கிறேன். அதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

அவளை உன் வாசலுக்கு அனுப்பியவளே நான்தான். குருக்கள்மடத்தில் என் கடையில் தண்ணீர்ப் போத்தல் வாங்க இறங்கிய கொழும்புக்காரி, அன்று பிறந்த ஒரு பிள்ளைக்கென்று நீ தைத்துத் தந்திருந்த பச்சைப் பிள்ளைச் சட்டையை எடுத்து இப்படியும் அப்படியும் பிரட்டினாள். தையல் வெளியே தெரிகிறது, விளிம்பு மடிக்கப்படவில்லை, பொத்தானுக்குப் பதில் நாடா. "ஆன்டி, இதே மாதிரிப் பெரிய ஆட்களுக்குத் தைப்பாங்களா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிரித்துப் போட்டதுபோல இருக்கிற உடுப்புத்தான் இப்போது ஸ்டைல் என்றாள். கையால் செய்ததுபோல இருந்தால் கேட்ட விலை கொடுப்பார்களாம். விலை என்றதும் என் சிரிப்பு நின்றுவிட்டது. ஓட்டோ பிடித்து உன்னிடம் அனுப்பினேன்.

அந்தச் சட்டை ஏன் அப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவே இல்லை. பிள்ளை பிறக்கும் முன்னே சட்டை தைத்து வைக்கிற வழக்கம் நமக்கு இல்லை. பிறந்த சேதி வந்த பிறகுதான், உடுத்து நைந்த சாரத்தை வெட்டி, ஆஸ்பத்திரியில் பார்க்க விடுகிற நேரத்துக்குள் நீ கையால் தைத்து முடிப்பாய். தையல் வெளியே நின்றால் தோலில் உரசாது. விளிம்பை மடித்தால் கழுத்தைக் கீறும். முடிச்சுக்கூடப் போடமாட்டாய். நூல் முடிகிற இடத்தில் இரண்டு தரம் பின்னால் குத்தி விட்டுவிடுவாய். "நாலு நாள் தோலுக்கு முடிச்சுக் குத்தப்படா" என்பாய். அவள் ஸ்டைல் என்றதெல்லாம் ஒரு பச்சைப் பிள்ளைக்காக நீ பார்த்த பக்குவம்.

முதலில் பெரிய ஆட்களுக்கான ஆறு சட்டை கொண்டுபோனாள். அடுத்து நீ தைத்து அனுப்பிய பதினான்கையும் காரில் திருப்பிக் கொண்டுவந்தாள். அன்றைக்கு நானும் உன் வீட்டில் இருந்தேன்.

"இது சரியா வரல்ல ஆன்டி. மெஷின்ல தைச்ச மாதிரி இருக்கு."

"மெசினா? அத வித்து மூணு வருசம் புள்ள."

"எனக்குத் தெரியும். வாங்குறவங்களுக்குத் தெரியாதே. கையால தைச்ச மாதிரித் தெரியணும். கொஞ்சம் கோணலா, நூல் எல்லாம் தொங்கிற மாதிரி."

நான் பொறுக்க மாட்டாமல், "கோணலாத் தைக்கத்தான் ஆள் வேணுமெண்டா, கடைசி வீட்டில குடிச்சிப்போட்டுக் கிடக்கிற வெறிகாரன் ஒருத்தன் இரிக்கான். கூட்டி வரட்டா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். அவள் சிரிக்கவில்லை. பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு நீ ஒரு துண்டுத் துணியை எடுத்துக் கோணலாகத் தைத்துப் பார்த்தாய். நாலு குத்துக்கு மேல் போகவில்லை. ஐந்தாவது தானாக நேரே வந்தது. "எண்ட கை கேக்குதில்ல மச்சாள்" என்று ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்தாய். அதற்குப் பிறகு நீ தைக்கவில்லை. பிள்ளை பிறந்த வீடுகளிலிருந்து வந்து கேட்டவர்களிடம் கண் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பினாய். அது பொய். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டே, தூரத்தில் நின்ற நர்சின் சட்டை விளிம்பு பிரிந்திருக்கிறது என்று என்னிடம் காட்டினாயே.

அதற்குத்தான் மச்சாள் பழி. அவள் உன் வெட்டைக் கொண்டுபோனாள், அது போகட்டும். உன் கையை நிறுத்திவிட்டாள்.

போன மாதம் தீபாவளிச் சரக்கு எடுக்கக் கொழும்பு போனேன். உன் பதினான்கில் ஒன்றை நான் போட்டுக்கொண்டு, அங்கே அவள் நடத்துகிற உடுப்புக் கடைக்குள் நுழைந்தேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. உன் வெட்டில், அதே பக்கத்தில் நாடா வைத்து ஒரு சட்டை தொங்கியது. விலை முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு. இரண்டு பெண்கள் அதை வாங்குவதா விடுவதா என்று பேசிக்கொண்டு நின்றார்கள். "முழுக்கக் கைத்தையல்" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் போட்டிருந்த சட்டையின் கையை நீட்டி, "அப்ப இது?" என்று கேட்டேன்.

அவள் ஒருமுறை பார்த்தாள். "அது ஃபேக்டரி ஐட்டம் ஆன்டி. பாருங்க, தையல் எவ்வளவு நேரா ஓடுது."

என் கைப்பையில் எப்போதும் சின்னக் கத்தரிக்கோல் இருக்கும், உனக்குத் தெரியும். தொங்கிய சட்டையின் தோள் தையலில் ஒரு நுனியை வெட்டி இழுத்தேன். கோணல் கோணலாக ஓடிய அந்தத் தடித்த நூல் முழுதாகக் கழன்று என் கையோடு வந்தது. சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடியில் மெசின் தையல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. கைத்தையல் என்று அவள் விற்றது ஒரு அலங்காரம். அந்த இரண்டு பெண்களும் குனிந்து பார்த்தார்கள்.

"இதுக்கு நீங்க காசு கட்டணும்" என்றாள்.

"கட்டுறன். காசு கையில இரிக்கி. பில்லுல, முழுக்கக் கையால தைச்சது எண்டு எழுதி, உங்கட பெயரப் போட்டுத் தாங்க."

பேனையை எடுத்தாள். பிறகு அந்தப் பெண்களைப் பார்த்தாள். எழுதவில்லை. அவர்கள் ஒன்றும் வாங்காமல் வெளியே போனார்கள். நானும் ஒரு சதமும் கொடுக்காமல் இறங்கினேன். போகும்போது, தொழிற்சாலைச் சாமான் என்று அவள் சொன்ன சட்டை யார் தைத்தது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துப் போன் எடுத்தாள். உன் சட்டைகளில் மிச்சம் இருப்பது அத்தனையையும் தன் கடையில் போட்ட அதே விலைக்கு எடுக்கிறாளாம். அவளுடைய லேபல் மட்டும் வைக்க வேண்டுமாம். முப்பது வருடம் யாவாரம் செய்கிறேன். காசோடு வந்தவளுக்கு இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தரம். வாயில் நன்றாக இனித்தது.

அந்த விலை நியாயமா என்று நீ கேட்பாய். ஒரு சட்டைக்கு நீ மூன்று பகல் குனிந்து கிடந்தாய். உண்மையில் கை பட்டதென்றால் அந்த விலை கொடுக்கலாம். கை பட்டதுபோல நடிக்கிறதுக்கு நாலாயிரமும் அதிகம். இதைச் சொல்ல எனக்கும் முழு யோக்கியதை இல்லை. உன் பிள்ளைச் சட்டையை நானூறுக்கு விற்றேன், அதிலும் உன்னிடம் குறைத்துக் கேட்டேன். உன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அந்த வெட்கமும் கூடவே வருகிறது.

இப்போது உன் சட்டைகளிலும் முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு என்றுதான் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். இன்னும் ஒன்றும் விற்கவில்லை. நேற்று ஒரு டீச்சர் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஒரு சைபர் கூடிப் போச்சா?" என்று கேட்டார்.

"கூடல்ல டீச்சர்."

"அப்ப ஆரு தைச்ச?"

நானூறுக்கு விற்ற காலத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. இப்போது விலையைப் பார்க்கிற எல்லோரும் கேட்கிறார்கள். உன் முழுப் பெயரையும் ஊரையும் சொல்கிறேன். பிறகு, அவர்கள் கேட்காமலே, இதை மெசின் தையல்போல இருக்கிறது என்று திருப்பித் தந்தவளுடைய பெயரையும் கடை இருக்கிற தெருவையும் சொல்கிறேன்.