நான் சம்மதம் சொல்லவில்லை, ராத்தா

என் ஆசை ஜெசிந்தா ராத்தாவுக்கு,

உன்னை இப்படிக் கூப்பிட்ட முதல் நாளே, "ராத்தான்னா அக்காவாளா? அப்ப சரி, அப்படியே கூப்புடு" என்று சிரித்தாய். மணப்பாட்டுக்காரிக்குக் காயல்பட்டினத்தில் ஒரு தங்கச்சி. இன்று உன்னிடம்தான் சொல்லி அழ வேண்டியிருக்கிறது. உன்மேல் கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

நீ எழுதிய புள்ளிவிவர மென்பொருளை நம் அலுவலகத்தில் மாற்றிவிட்டார்கள். கணக்குகள் அப்படியேதான். திரையில் வரும் சன்னல், மெனு, பட்டன் எல்லாவற்றையும் தாங்குகிற அடித்தளத்தைப் பிரித்துப் போட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். பழையது புதுக் கணினிகளில் திணறியது. மாற்றத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். பொறுப்பு செல்வகுமார் அண்ணனிடம். "அவன நம்புளா, ஒனக்கு அண்ணன் மாதிரி" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி நீ சொன்ன அதே ஆள்.

உன்னை அடக்கம் செய்த அன்று கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்காக அவ செஞ்சதுல ஒண்ணுகூடக் கெடாமப் பாத்துக்கிடுதேன்" என்றார். நம்பினேன்.

சோதிக்கும் வேலை வழக்கம்போல எனக்கு. பிறவியிலேயே பார்வை இல்லாத நான், திரையை வாசித்துச் சொல்லும் குரலை வைத்துத்தானே வேலை செய்கிறேன்? உன் மென்பொருளில் ஒவ்வொரு பட்டனும் தன் பெயரைச் சொல்லும். புதியதைத் திறந்து, பட்டனுக்குப் பட்டன் தாவ வைக்கும் டேப் (Tab) விசையைத் தட்டினேன். "பட்டன்" என்றது. மறுபடி தட்டினேன். "பட்டன்." எது சேமிக்கும், எது அழிக்கும்? துழாவி ஒன்றை அழுத்தினேன். சோதனைக்கு வைத்திருந்த தருவைகுளத்து மீன்வரத்துக் கணக்கு மொத்தமும் போய்விட்டது.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "தெரியும் பாத்திமா. நேரமில்லன்னு நாந்தான் விட்டேன். அடுத்த தடவ சேத்துக்கிடலாம்" என்றார். தெரியுமாம், ராத்தா. மறந்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும். மென்பொருள் சோதனையில் தேறவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்படியும் துறைமுகச் சாலை ஓட்டலில் வெளியீடு வைத்தார்கள். கல்லூரிகளிலிருந்து பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். அண்ணன் மைக்கில், "பார்வையில்லாதவங்களும் இத ஓட்டலாம். நம்ம பாத்திமாவே சோதிச்சு சரின்னு சொல்லிட்டாங்க" என்றார். கைதட்டினார்கள்.

எழுந்தேன். "நான் சொல்லல" என்றேன். நாற்காலிகளைத் தடவிக்கொண்டே மேடைக் கணினிக்குப் போய், வாசிக்கும் குரலைச் சத்தமாக வைத்து, டேப்பைத் தட்டினேன். "பட்டன். பட்டன். பட்டன்." கூட்டத்திலிருந்து ஒரு பேராசிரியை, "எங்ககிட்டயும் பார்வை இல்லாத பிள்ளைங்க படிக்காங்க. சரிபண்ணிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார்.

வெளியீடு நின்றுபோனது. அலுவலகத்தில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. "கூட இருந்தே குழி பறிச்சிட்டியே" என்று அண்ணன் கேட்டார். யார் பறித்தது? நீ இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பாய்? இத்தனை வருஷம் பழகியும் ஆள் தெரியாமலா என்னை அவர் கையில் கொடுத்தாய்?

இப்போது அவரேதான் பட்டன்களுக்குப் பெயர் எழுதுகிறார். ஒரு வார்த்தையும் இல்லாமல் அனுப்புகிறார். சோதித்துத் திருப்பி அனுப்புகிறேன். முதல் பக்கத்துப் பட்டன்கள் எல்லாம் நேற்றுப் பெயர் சொல்லின. சந்தோஷப்படத் தோன்றவில்லை. அவரை நேரில் அண்ணன் என்று கூப்பிட நாக்கு எழவில்லை.

ஒன்று மட்டும் உறுதி. கடைசிப் பட்டனும் வாய் திறக்கிறவரை, நான் சம்மதம் சொன்னதாக யாரையும் சொல்ல விடமாட்டேன்.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
பாத்திமா