கரி தடவாத கம்பு

என் பிரியத்துக்கும் கோபத்துக்கும் சரிபாதி உரிய கலியமூர்த்தி மச்சானுக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. இந்தப் பத்து மாதமும் நான் காற்றை அடித்துக்கொண்டிருக்கிறேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தினமும் சாயங்காலம் கம்பை எடுத்துக்கொண்டு போய்க் காற்றைத்தான் அடிக்கிறேன். எல்லாம் நீ போட்டுவிட்டுப் போன சட்டத்தால் வந்த வினை.

முதுநகர் மரவாடிக்குப் பின்னால் நம் சிலம்பக் கூடத்தைத் தொடங்கிய நாளிலேயே நீ சொல்லிவிட்டாய். இங்கே வயசு கிடையாது, உத்தியோகம் கிடையாது, சேர்ந்த வரிசைப்படிதான் நிற்க வேண்டும் என்று. முதலாமவனுக்கு இரண்டாமவன் ஜோடி, மூன்றாமவனுக்கு நான்காமவன், அப்படியே கடைசி வரைக்கும். நீ முதல், நான் இரண்டு. தந்தி ஆபீசில் ஓய்வு பெற்ற பெருமாள் சார் பதினைந்து, ஆறாம் வகுப்புப் படிக்கிற சரோஜா பதினாறு. அந்த இருவரும் எதிரெதிரே நின்று கம்பு சுற்றுவதைப் பார்க்கத் துறைமுகத்து ஆட்கள் வேலியோரம் கூடுவார்கள். நீ கவனிக்காதது போல மீசையைத் தடவிக்கொள்வாய். எனக்குத் தெரியாதா?

ஒருவர் விலகினால் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் ஓரிடம் முன்னால் நகர வேண்டும் என்பதும் உன் சட்டம்தான். ஆறாமவன் நெய்வேலிக்கு வேலை கிடைத்துப் போனபோது மறுநாளே நீ அத்தனை பேரையும் நகர்த்தினாய். ஜோடி மாறிப்போச்சே என்று முணுமுணுத்தவர்களை ஒரு முறை முறைத்தாய், சத்தம் அடங்கியது. ஆனால் நீ போன பிறகு ஒருவரும் நகரவில்லை. "அண்ணன் எடம், அது அப்பிடியே இருக்கட்டும்" என்கிறார்கள். மரியாதையாம். உண்மை என்ன தெரியுமா? ஜோடியை விட ஒருத்தருக்கும் மனசில்லை. அதனால் உன் இடம் காலி, என் எதிரே ஆள் இல்லை. கூடம் முழுவதும் கம்போடு கம்பு மோதுகிறது, நான் மட்டும் கிறுக்கன் மாதிரி தனியே சுற்றுகிறேன்.

சரி, இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இன்னொன்று இருக்கிறது, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அடி பட்டால் இப்போது யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

உனக்கு நினைவிருக்கும், சிதம்பரத்துக்காரர்கள் கம்பு நுனியில் கரி தடவிக்கொண்டு ஆடுவார்கள். எங்கே பட்டது, எத்தனை பட்டது என்பதைப் பனியனைப் பார்த்து எண்ணிக்கொள்வார்கள். நம்மிடமும் கரி தடவலாம் என்று மூன்றாம் இடத்துச் சைக்கிள் கடை யூசுப் சொன்னபோது நீ மறுத்துவிட்டாய். "கரி எதுக்கு? பட்டவனுக்கு வாய் இல்லியா? பட்டுச்சுன்னு அவனே சொல்லட்டும்" என்றாய். அன்றிலிருந்து நம் கூடத்தில் கம்புச் சத்தத்தைவிட "பட்டுச்சு" என்ற சத்தம்தான் அதிகம். முட்டியில் வாங்கிக்கொண்டு பெருமாள் சார் சிரித்தபடியே "பட்டுச்சும்மா" என்பாரே, அந்தக் குரல் கேட்டு மாதங்கள் ஆகின்றன. இப்போது அவர் காலைத் தேய்த்துக்கொண்டு பேசாமல் நிற்கிறார். மற்றவர்களும் அப்படியே. நான் கத்துகிறேன், கெஞ்சுகிறேன், ஒருநாள் கம்பைத் தரையில் போட்டு உடைத்தும் பார்த்துவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

போன வாரம் சரோஜாவைக் கையும் களவுமாகப் பிடித்தேன். தோளில் பட்டது, நான் கண்ணால் பார்த்தேன். ஏன் சொல்லவில்லை என்று அதட்டினேன். அந்தப் பெண் பயப்படவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"கலி மாமா மட்டும் அன்னிக்கிச் சொன்னாரா? நீங்கதான மாமா சொன்னீங்க, சட்டம் போட்டவனே பொய் சொல்றான்னு?"

மச்சான், நான் என் இடத்துக்குத் திரும்பிப் போய்க் காற்றை அடித்தேன்.

அந்த மாலையை நீ மறந்திருக்க மாட்டாய். நான் சுற்றி வந்து உன் இடது முழங்கைக்கு மேலே வைத்தேன். நல்ல அடி, கம்பு அதிர்ந்தது என் உள்ளங்கைக்கே தெரிந்தது. நீ ஒன்றும் சொல்லாமல் அடுத்த சுற்றுக்குத் தயாரானாய். நான் நிறுத்தினேன். "பட்டுச்சுன்னு சொல்லு மச்சான்" என்றேன். "எங்க பட்டுச்சு? படல" என்றாய். எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. இருபத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, உன்னைப் பொய்யன் என்றேன். நீ திருப்பித் திட்டியிருக்கலாம். "படல மச்சான். பட்டிருந்தா சொல்ல மாட்டனா?" என்று மட்டும் கேட்டாய். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு, தைத்த சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது ஆள் வந்து சொன்னான். மஞ்சக்குப்பம் கோர்ட்டு வராந்தாவில் கையில் ஆபீஸ் கேஸ் கட்டுகளோடு நடந்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று. ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு ஓடிவந்தேன். எதற்கு ஓடினேன், சொல்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது உன் மனைவி தனலட்சுமி என்னிடம் வந்து உட்கார்ந்தாள். தற்செயலாகத்தான் சொன்னாள்.

"ரெண்டு நாளா எடது கை மரமரன்னு இருக்குதுன்னாரு அண்ணே. கிள்ளுனாகூடத் தெரியலன்னாரு. கம்பு சுத்தி சுத்தி அப்பிடி இருக்கும்னு நானும் தைலந்தான் தேச்சி விட்டேன். ஆஸ்பத்திரிக்கிக் கூட்டிம் போயிருக்கணும்."

கிள்ளினால்கூடத் தெரியாத கையில்தான் நான் அடித்திருக்கிறேன். உனக்குப் படவே இல்லை. நீ சொன்னது அத்தனையும் நிஜம். நாம் மட்டும் கரி தடவியிருந்தால் உன் கையில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். இது எப்போது பட்டது, ஏன் எனக்குத் தெரியவில்லை என்று நீயே யோசித்திருப்பாய். அன்று மாலையே டாக்டரிடம் போயிருப்போமோ? எனக்குத் தெரியவில்லை. தையல் மிஷினை மிதிக்கும்போதெல்லாம் இதே நினைப்பு, தையல் கோணலாகப் போகிறது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தனலட்சுமிக்கு அன்றைய சண்டை தெரியாது, கூடத்துக்காரர்களுக்கு உன் கை மரத்தது தெரியாது. இரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். உன் தங்கை காமாட்சிக்குச் சண்டை விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. "எங்க அண்ணன் பொய் சொல்லாதுன்னு ஊருக்கே தெரியும், ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியல" என்று சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவளிடமும் வாய் வரவில்லை. சொன்னால், ஒரு நோயாளியை நாலு பேர் முன்னால் பொய்யன் என்றவன் நான் என்று ஆகிவிடும். அதற்குப் பயந்து உன்னையே பத்து மாதம் பொய்யனாக நிற்க வைத்திருக்கிறேன். அந்தப் பெண் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. கூடத்தில் வாய்கள் அடைத்துப்போனது யாரால் என்றும் புரிந்தது.

உன்மேலும் எனக்குக் கோபம் தீரவில்லை. கை மரத்துப்போனதை என்னிடம் சொல்வதற்கு என்ன கேடு? பல்லு வலி, சளி, ஆபீசில் மேலதிகாரி முறைத்தது, எல்லாம் சொல்வாயே. பட்டதைச் சொல்ல வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சட்டம் போட்டவன், இதை மட்டும் ஏன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாய்?

இதற்கிடையில் சிதம்பரத்திலிருந்து கடிதம் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜோடிச் சிலம்பம், ஒவ்வொரு கூடத்திலிருந்தும் முதல் ஜோடி வர வேண்டுமாம். நமக்கு ஏது முதல் ஜோடி? யூசுப் என்னிடம் வந்தான். லால்பேட்டையிலிருந்து வந்து இங்கே கடை வைத்தவன் என்றாலும், உனக்காக அழுததில் அவன் யாருக்கும் குறைந்தவன் இல்லை.

"நீங்க மொத எடத்துக்கு நவுருங்க மச்சான், நா ரெண்டாவதுல நிக்கிறேன். சிதம்பரம் போயிட்டு வந்துருவோம்."

"அந்த எடத்துல எவனும் நிக்கக் கூடாது" என்று சீறினேன்.

"ரொம்ப ஜாஸ்தியா பண்றீங்க. அவுரு இருந்தா இந்நேரம் நம்மள நவுத்தி வுட்டுருப்பாரு" என்றான். நான் கிளம்பி வந்துவிட்டேன். அவன் சொன்னதும் சரிதான். மரியாதை என்று சொல்லிக்கொண்டு ஜோடியை விடமாட்டேன் என்கிறார்கள் என்று அவர்களைக் குறை சொன்னேனே, எனக்கு மட்டும் என்ன மரியாதை? உன் இடத்தில் ஏறி நின்று அவர்கள் முகத்தைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான்.

நேற்று மாலை எல்லாரும் வந்து வரிசையில் நின்ற பிறகு, நான் என் இடத்தை விட்டு முன்னால் வந்து சொல்லிவிட்டேன். கை மரத்தது, தனலட்சுமி தைலம் தேய்த்தது, எதையும் மறைக்கவில்லை. "அவன் பொய் சொல்லல. நாந்தான் தெரியாம பேசிட்டேன். தெரிஞ்ச பெறவும் ஒங்க கிட்ட சொல்லாம இருந்துட்டேன்" என்றேன். பெருமாள் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரோஜா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு உன் இடத்தில் போய் நின்றேன். யூசுப் எனக்கு எதிரே வந்தான். பின்னால் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். சரோஜாவும் பெருமாள் சாரும் பிரிந்துவிட்டார்கள், அவள் என்னை முறைத்த முறையைப் பார்த்தால் உன்னையே பார்த்த மாதிரி இருந்தது. கடைசியில் நிற்கிற பேங்க்குக்காரருக்கு இப்போது ஜோடி இல்லை. காற்றை அடிப்பது எப்படி என்று அவருக்கு நான் சொல்லிக்கொடுக்கலாம்.

யூசுப்பின் மூன்றாவது வீச்சு என் இடது கையில் பட்டது. சட்டைக் கை மடிப்பில் லேசாக, அவனுக்கேகூடத் தெரிந்திருக்காது. நீ வாங்கிய அதே இடம் மச்சான். எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"பட்டுச்சு" என்றேன்.

யூசுப் கம்பைத் தாழ்த்தினான். பிறகு வரிசையின் நடுவிலிருந்து பெருமாள் சாரின் குரல் வந்தது.

"எனக்குந்தாம்பா, ரெண்டு வாட்டி. முன்னாடியே பட்டுச்சு."

ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சரில் நானும் யூசுப்பும் சிதம்பரம் போகிறோம். போகும் வழியில் தனலட்சுமியைப் பார்த்து அவளிடமும் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறுவேன். அங்கே கம்பு நுனியில் கரி தடவித்தான் தருவார்கள், பனியனைப் பார்த்துத்தான் எண்ணுவார்கள். எண்ணிக்கொள்ளட்டும். அவர்கள் பனியனைப் பார்ப்பதற்கு முன்னால் நான் வாயால் சொல்லிவிடுவேன், ஒவ்வொரு அடிக்கும். இது உனக்குத் தருகிற வாக்கு.

உன் தங்கையைக் கட்டியவன்,
உன் இடத்தில் நிற்கிற மச்சான்,
ரத்தினம்