எங்கள் தெருவில் வெள்ளைக் கொடிகள்

சாம்பல்தீவு,
திருகோணமலை.

அன்பு மகள் லதுசாவுக்கு,

சித்தப்பாவும் சித்தியும் ஏதோ மூச்சோடு இருக்கிறோம், நீ அந்தக் குளிருக்குள் எங்களைவிடச் சுகமாக இருக்க வேண்டும். இனி நான் எழுதப் போவதை ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்பப் போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

நீ இருக்கிற நோர்வே ஊரும் எங்கள் ஊரும் சகோதர நகரங்களாகப் போகின்றன, கையெழுத்து வைக்க மூன்று பேர் வருகிறார்கள், மொழிபெயர்க்க நீயும் வருகிறாய் என்று அறிவித்த நாளிலிருந்து வரவேற்புக் குழுத் தலைவர் என்ற மகா பதவியில் எனக்கு இருந்த முதுகும் முறிந்துவிட்டது. வேலைக்கு ஆள் இல்லை, கூட்டத்தில் தேத்தண்ணி குடிக்க மட்டும் ஊரே வரும். உங்கள் நகரத்துக் கொடியைத் தெரு முழுக்கக் கட்டுவதென்று தீர்மானம். நீ அனுப்பிய படத்தில் கொடி முழு வெள்ளை, மூலையில் ஒரு நீல மீன். தையல்காரர் முனீப், மீன் தைக்க ஏலாது, நெத்தலி அளவில் பெயின்றால் கீறித் தரலாம் என்றார், ஓம் என்றேன். கட்டுகிற அன்று காலைதான் உனக்கு லீவு இல்லை, வர ஏலாது என்று செய்தி வந்தது. அந்த யோசனையோடு என் வாசலில் தொடங்கிக் கடற்கரை வரைக்கும் நாலாயிரம் கொடி கட்டினேன். இங்கே வெள்ளைக் கொடி செத்தவீட்டுக்குத்தான் கட்டுகிறது என்பது தலைவரின் மூளையில் ஏறவே இல்லை.

பத்து மணிக்குள் லிங்கநகரிலிருந்து மலர்வளையம் வந்துவிட்டது. ஈச்சிலம்பற்றிலிருந்து சித்தியின் சொந்தம் முப்பது வான் வண்டியில் வந்திறங்கி அழுத கண்ணீரில், துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒரு முழம் உயர்ந்தது. கொடி என் வாசலில் தொடங்கியபடியால் செத்தது நான்தான் என்று அவர்களே முடிவெடுத்திருந்தார்கள். நானோ அறைக்குள் வரவேற்புக்கு வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறேன். யன்னலுக்கு வெளியே கதிராமன் அண்ணை, பெட்டைக்கு அறிவித்தாயிற்றா, வருவாளா என்று கேட்கிறார். அதற்குச் சிவகாமிப்பிள்ளை மச்சாள், "அவள் எங்கை வாறது? சித்தப்பன்ரை செத்தவீட்டை வீடியோவிலை பாப்பாள்" என்றா.

பிறகு வெளியே போய், உயிரோடு இருப்பதற்காக எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். சிலருக்கு வந்த செலவு வீண் என்று முகம் சுருங்கிற்று. மத்தியானம் வந்த நோர்வேக்காரரில் உயரமானவரிடம் அந்த மலர்வளையத்தையே கொடுத்தோம், மனுசன் நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டார். கையெழுத்தும் ஆயிற்று. ஆண்டுக்கு ஒருவர் அங்கிருந்து இங்கே வந்து தங்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. நீ போய் ஏழு வருடம், பிள்ளை. வருகிற ஆண்டுக்கு உன் பெயரைக் கொடு.

நேரத்துக்குச் சாப்பிடு. சித்திக்கு முழங்கால் இன்னும் சரியில்லை, ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால் முதலில் அவளோடு கதை. கோணேசப்பெருமான் உனக்குத் துணை நிற்பார்.

முப்பது வான், நாலாயிரம் கொடி, உயர்ந்த கப்பல் எல்லாம் என்னுடைய அளப்பு. மச்சாள் சொன்னதும், இல்லை, அவள் வருவாள் என்று சொல்ல எனக்கு வாய் வராமல் யன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றதும் மட்டும் உண்மை.

உன் சித்தப்பா,
சின்னராசா