தனத்துக்கு நான் எழுதிக் கொடுத்த சொல்

என் தனமே,

நான் எழுதுவது அச்சுக்குப் போகும் முன்னால் நீதான் முதலில் படிப்பாய். படித்துவிட்டு, "எங்க சிரிக்கணும்னு சொல்லிடுங்க, சிரிச்சிடறேன்" என்பாய். இந்த முறை உனக்கு அந்தச் சிரமம் இல்லை. திருச்சிப் பத்திரிகைக்காரர், புத்தாண்டுச் சபதங்களைப் பற்றி வழக்கம்போல நகைச்சுவையாக எழுதித் தரச் சொல்லி கார்டு போட்டிருந்தார். எழுத உட்கார்ந்தேன். கை உன் பெயரைத்தான் எழுதியது.

ஜெயங்கொண்டத்தில் எல்லாரும் சௌக்கியம். என் நூலகத்துக்கு வருகிறவர்கள் இன்னும் பேப்பர் மட்டும்தான் படிக்கிறார்கள். அலமாரிப் புத்தகங்களைக் கரையான் படிக்கிறது, ஒரு பக்கமும் விடாமல். முந்திரி பூத்துவிட்டது. உன் சத்துணவுக் கூடத்துக்கு விக்கிரமங்கலத்திலிருந்து ஓர் அம்மா வேலைக்கு வந்திருக்கிறார். நல்லவர். நம் சுமதி ஏழாம் வகுப்பில் இருக்கிறாள். உன் புடவை ஒன்றை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குகிறாள். அதைத் துவைக்க விடமாட்டேன் என்கிறாள்.

நாம் இருவரும் சபதங்களை விட்டுவிட்டுச் சொல்லுக்கு மாறியது உனக்கு நினைவிருக்கும். ஒரு ஜனவரி முதல் தேதி, என் டைரியில் நான் எழுதி வைத்திருந்த பதினோரு தீர்மானங்களை நீ எடுத்துப் படித்தாய்.

"நமக்கு வருசம் சித்திரையில. இது ஒங்க ஆபீசு வருசம். அதுக்குப் போயி இத்தனையா?"

"மனுசன்னா ஒரு ஒழுங்கு வேணாமா தனம்?"

"பதினொண்ணையும் ஒவ்வொண்ணா விடறதுக்கு எவ்வளவு பாடு. ஒரே ஒரு வார்த்தைய வச்சிக்குங்க. விடறதுக்கும் லேசு."

சட்டத்தையும் நீயே போட்டாய். தன் சொல்லைத் தானே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆளுக்கு வசதியானதாக எடுத்துக்கொள்வார்களாம். எனக்கு நீ தர வேண்டும், உனக்கு நான். தினக் காலண்டர் அட்டையில், முருகன் படத்துக்கு மேலே, எழுதி மாட்டிவிட வேண்டும். எனக்கு முதல் வருடம் 'மிதம்' கொடுத்தாய். அதை மிதமாகக் கடைப்பிடித்தேன். உனக்கு 'ஓய்வு' என்று எழுதினேன். "நான் ஓய்வெடுத்தா அறுபது புள்ளைக்கு யாரு சோறாக்குறது?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனாய். சொல்லைக் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். நம் ஊராட்சியில் ரோட்டுக்குத் தீர்மானம் போடுவதும் அப்படித்தான். யாரும் ரோட்டைத் தேடுவதில்லை.

மூன்றாவது வருடத்துக்கு வருகிறேன். தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். இனி முடியாது.

அந்த ஐப்பசி மழையில் அடுப்படி ஓடு ஒழுகியது. நீ தினமும் சொன்னாய். நான் தினமும் ஆளை வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னேன். வராத ஆளுக்கு நான் சொல்லவே இல்லை என்பது உனக்கும் தெரியும். ஜனவரி பிறந்ததும், முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு, அட்டையில் உனக்குப் 'பொறுமை' என்று எழுதினேன். எழுத்து அழகாகக்கூட வந்தது.

நீ பார்த்தாய். "சரிங்க. இந்த வருசம் ஒங்களுக்கு நிம்மதி" என்றாய். அவ்வளவுதான்.

மாசியில் நீ இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்ட ஆரம்பித்தாய். அண்டா தூக்குகிறவர்கள் கட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சோற்றில் பாதியைச் சுமதி தட்டுக்குத் தள்ளினாய். தாய்ப் பாசம் என்று நினைத்தேன். இத்தனை புத்தகம் படித்தவனுக்குக் கண்ணெதிரே நடந்ததற்கெல்லாம் ஒரு நல்ல விளக்கம் கிடைத்துக்கொண்டே இருந்தது. ஆடியில் தா.பழூர் பஸ்ஸில் நீ சுருண்டு விழுந்த பிறகுதான் விளக்கம் தீர்ந்தது.

திருச்சியில் டாக்டர் கேட்டார்: "எத்தனை நாளா வலி?"

"ஆறு மாசம் இருக்குங்க."

"இவ்வளவு நாளா என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

நீ என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாய். "இந்த வருசம் எனக்குப் பொறுமைங்க டாக்டர்" என்றாய்.

அவருக்குப் புரியவில்லை. நல்ல வேளை. எனக்குப் புரிந்தது. கட்டி முற்றிவிட்டது என்று அவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னபோது, முன்னாலேயே தெரிந்த செய்தியைப் போல நின்று கேட்டேன். கார்த்திகையில் நீ போனாய். காலண்டரில் இன்னும் ஒரு மாதத் தாள் இருந்தது.

அது கேலியா தனம்? நான் விளையாட்டாகக் கொடுத்ததை நீயும் விளையாட்டாகத்தான் திருப்பிச் சொன்னாயா? அல்லது உண்மையாகவே அந்தச் சொல்லுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாயா? இதை நான் உன்னிடம் கேட்டிருக்கலாம். உன் கட்டில் பக்கத்தில் நாலு மாதம் உட்கார்ந்திருந்தேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன், பேப்பர் படித்துக் காட்டினேன். இதை மட்டும் கேட்கவில்லை.

இந்த ஒரு வருடமும் அந்தச் சொல்லையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தேன். அதில் ஒரு வசதி இருந்தது. சொல் எதிர்த்துப் பேசாது.

போன மாதம் சுமதி காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள். "என்னம்மா கால்ல?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா" என்றாள். நான் பேப்பரை எடுத்துவிட்டேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் ஆனி மாதம் ஒரு காலையில், நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நான் கேட்டிருந்தேன். "என்ன தனம், ஒடம்புக்கு என்ன?" "ஒண்ணுமில்லீங்க." நான் பேப்பரைப் புரட்டினேன். என்ன செய்தி என்றுகூட நினைவில்லை. அந்த நாளை எப்படி மறந்திருந்தேன்? சொல் மேல் பழியைப் போட்டவன், தான் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டதைச் சௌகரியமாக மறந்திருக்கிறான்.

பேப்பரைக் கீழே வைத்தேன். "சுமதி, கால்ல என்ன? காட்டு."

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல."

"சொன்ன. காட்டு."

கருவேல முள். உள்ளே ஒடிந்து, குதிகால் சீழ் கோத்து, கொதித்துக்கொண்டிருந்தது. எட்டு நாளாம். ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். ஊரே திரும்பிப் பார்த்தது. எனக்கு அந்தச் சத்தம் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று யாரிடம் சொல்வேன்?

சைக்கிளில் வரும்போது கேட்டேன்: "ஏம்மா எட்டு நாளாச் சொல்லல?"

"அம்மா மட்டும் சொன்னாங்களா?"

சைக்கிளை மிதித்தேன். தபால் ஆபீஸ் தாண்டியது. அப்புறம் அவளே சொன்னாள்: "நீங்க மறுபடி கேட்டீங்கல்ல, அதனாலதான் காட்டினேன்."

தனம், உனக்கு அன்று நான் மறுபடி கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா? சொல்லியிருந்தால் மட்டும் மிச்சமிருந்த ஐந்து மாதத்தை ஐந்து வருடமாக்கியிருக்க முடியுமா? டாக்டர் கையை விரிப்பார். நீயும் பதில் சொல்லப் போவதில்லை.

நேற்று வருடம் பிறந்தது. சுமதி கேட்டாள், "எனக்கு என்ன வார்த்தை?" இனி யாருக்கும் சொல் எழுதித் தருவதில்லை என்றேன். எனக்கு மட்டும் ஒன்று வைத்துக்கொண்டிருக்கிறேன்: 'மறுபடி'. தானே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது உன் சட்டம். நான் எடுக்கவில்லை, உன் மகள் கொடுத்தது.

அவள் பெரியவளாகி, என்னிடம் சொல்ல முடியாதவை இன்னும் எத்தனையோ வரும். ஒவ்வொன்றுக்கும் "ஒண்ணுமில்லப்பா" என்பாள். அதை உன்னிடம் கற்றவள். அதை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எரிச்சல்படுவாள், கதவைச் சாத்துவாள். வெளியே நின்று மறுபடி கேட்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னிடம் ஒரே தடவை கேட்ட கணவன்,
சுமதியின் அப்பா