கடலுக்குப் போகும் சந்து

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் சுகம். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது; சிரித்தால் அச்சு அசல் உங்கள் அம்மாதான். கப்பல் கம்பெனி ஆள் கொண்டுவந்து வைத்த உங்கள் பெட்டியை நான் இன்னும் திறக்கவில்லை. அவர் கடைசிவரை தலை நிமிரவே இல்லை.

நல்ல செய்தி ஒன்று. பங்களாக்களுக்கு நடுவே கடலுக்குப் போகும் சந்து பூட்டிக் கிடந்ததே, அதன் கேட்டை நகராட்சி திறந்துவிட்டது. அலைச்சத்தத்தில் தூங்கி எழும் நம் குடியிருப்பு ஆட்கள், கால் நனைக்க இரண்டு பஸ் மாறிப் போனோமே, இனி அந்தப் பாடு இல்லை. மனுக் கொடுத்தே பெண்களுக்குச் செருப்புத் தேய்ந்தது. திறந்த அன்று எல்லோரும் திரண்டு போனோம். தையல்கார அக்கா சேலையோடு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு எழவே மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

பாப்பா மட்டும் தனியாக நின்று கடலைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டேன். "அப்பாவுக்கு. வீடு எந்தப் பக்கம்னு கேட்டார். காட்டிட்டேன்" என்றாள். தண்ணீரில் யாரும் இல்லை.

பிறகொரு நாள் பங்களா வாட்ச்மேன் என்னை ஓரமாக அழைத்தார். கேட் பூட்டியிருந்தபோது கடல் பக்கமிருந்து ஒருவர் வந்து கம்பியைப் பிடித்தபடி நிற்பாராம், உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட. "திறங்கண்ணே, வீட்டுக்குப் போகணும்னாரு. ஆர்டர் இல்லைன்னு விரட்டிட்டேம்மா. சுண்டுவிரல் பாதிதான் இருந்துச்சு. கேட்டைத் திறந்தப்புறம் ஆளையே காணோம்" என்றார். கப்பல் கயிற்றில் உங்கள் விரல் போனது அவருக்கு எப்படித் தெரியும்?

இப்போதெல்லாம் விடியும்போது நம் வாசற்படி ஈரமாக இருக்கிறது. குழாய் கசிகிறது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். குழாயா மணலைக் கொண்டுவரும்? தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

இருட்டியதும் கேட்டைப் பூட்டச் சொல்லி பங்களாக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். வேலை முடிந்து வருகிறவர்களுக்கு இருட்டிய பிறகுதானே கடல் என்று நான் எழுந்து கேட்டேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். இராப்பகல் திறந்தே இருக்கும் என்று முடிவாயிற்று. எதற்காக அப்படி மல்லுக்கட்டினேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

தாழ் போடாமல்தான் படுக்கிறேன். வாசலோடு நின்று திரும்பிவிடாதீர்கள். பாப்பா பயப்பட மாட்டாள். நானும் பழகிக்கொள்வேன். எப்படி இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே வாருங்கள்.

என்றும் உங்கள்,
பாப்பாவின் அம்மா