பனிக்காலத்துக்கு மூடி வைத்த கார்

க்யிம்யிண்டைங், ரங்கூன்
10 அக்டோபர் 1993

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் சுகம். உங்கள் சுகத்துக்கு துஆச் செய்கிறோம். இடையில் இதைப் பிரித்துப் படிக்கும் தணிக்கை ஐயாவுக்கும் சலாம். போன கடிதத்தைத் திரும்ப ஒட்டும்போது பசை வழிந்து இரண்டு வரி போய்விட்டது. கொஞ்சம் பார்த்து ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் கனடாவில் கார் வாங்கிய செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. இங்கே ஒரு காரை விற்றால் வீடு வாங்கலாம். அதனால், நீங்கள் ஒரு வீட்டை ஓட்டிக்கொண்டு திரிவதாக எல்லோரும் நினைக்கிறார்கள். ஜமால் நானா வந்து, "மாப்பிள்ளைக்கு ரொட்டிக் கம்பெனியில வேலைன்னீங்க, கம்பெனியே அவரோடதா?" என்று கேட்டார். பழைய கார், ஒரு மாதச் சம்பளம்தான் என்றேன். பொய் சொன்னாலும் அளவோடு சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அங்கே பனி உருக ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துக் காட்டியதும் வாப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "உப்பா? கார் ஓடுற ரோட்டுலயா? அவங்களே கொட்டுறாங்களா? துரு தின்னுடுமே!" காரின் அடியில் பழைய இன்ஜின் ஆயில் அடிக்கச் சொல்கிறார். நம் ஹில்மன் காருக்கு ஒவ்வொரு மழைக்கும் முன்னால் அடிக்கிறாரே, அதுபோல. அப்படி அடித்தும் பின்சீட்டுக்குக் கீழே ஓட்டை விழுந்ததை நான் நினைவுபடுத்தவில்லை. நம் கல்யாணத்தன்று அதன் வழியாகத்தான் என் செருப்பு ஸ்டிராண்ட் ரோட்டில் விழுந்தது. நீங்கள் மாப்பிள்ளைத் தொப்பியோடு இறங்கி லாரிகளுக்கு நடுவே தேடினீர்கள். நான் ஒற்றைச் செருப்போடு உங்கள் வீட்டுப் படியேறினேன். மறுநாளே வாப்பா அந்த ஓட்டையின் மேல் தேக்குப் பலகை போட்டுவிட்டார்.

என் பாஸ்போர்ட் மனு நகர்கிறது. எந்தத் திசையில் என்று தெரியவில்லை.

உங்கள்
ஃபக்ருன்னிசா


டொராண்டோ
19 டிசம்பர் 1993

என் அன்பு ஃபக்ருன்னிசாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். மாமாவிடம் சொல், ஆயில் அடித்தாயிற்று. இங்கே அதற்கென்றே கடை இருக்கிறது. காரை மேலே தூக்கி, அடியில் மூலை முடுக்கெல்லாம் பீய்ச்சுகிறார்கள். உள்ளே நுழைந்ததும் மாமாவின் ஷெட் வாசனை. வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கடைக்காரர் வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்.

பனி தொடங்கிவிட்டது, உப்பும் தொடங்கிவிட்டது. ஆகவே காரை வெளியே எடுப்பதில்லை. கட்டடத்துக்குக் கீழே சூடான கராஜ் இருக்கிறது. அங்கே நிறுத்தி, உறை போட்டு, நான்கு பக்கமும் கயிறு கட்டியிருக்கிறேன். வேலைக்கு நடந்து போகிறேன். முக்கால் மணி நேரம். மீசையில் பனி உறைகிறது. மற்றபடி சுகம்.

என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக்காரர் தேவராஜ் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "அண்ணை, பனிக்குத்தானே கார் வாங்கினனீங்கள்? வெயிலுக்கு எல்லாரும் நடப்பினம். இது கார், உங்கட பெண்சாதி இல்லை. போத்தி வைக்காமல் ஓடுங்கோ" என்கிறார். அவருக்கு எப்படிப் புரியும்? நம் ஊரில் ஒரு கார் மூன்று தலைமுறைக்கு உழைக்க வேண்டும். அதோடு, நீ வந்து முதலில் உட்காரும்போது அதில் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது. உனக்கென்று பூட்ஸும் வாங்கி முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் வைத்திருக்கிறேன்.

உன்
பர்கத்துல்லா


க்யிம்யிண்டைங்
14 ஜனவரி 1994

அன்புள்ள மச்சானுக்கு,

அல்ஹம்துலில்லாஹ். பாஸ்போர்ட் இந்த மாதமே கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். பாங்காக் வழியாக டிக்கெட் போட்டாயிற்று. பிப்ரவரி ஒன்பதாம் தேதி சாயங்காலம் அங்கே இறங்குவேன், இன்ஷா அல்லாஹ். காரிலேயே வாருங்கள். நடந்து வந்து கூட்டிப் போய்விடாதீர்கள்.

ஃபக்ருன்னிசா


டொராண்டோ
20 பிப்ரவரி 1994

ஃபக்ருன்னிசாவுக்கு,

ஒன்பதாம் தேதி காரை எடுத்தேன். நல்ல பனி. ரோடெல்லாம் உப்புக் கரைசல். விமான நிலையத்தில் கடைசிப் பெட்டியும் போகும் வரை நின்றேன். பிறகு, விமானத்தைச் சுத்தம் செய்பவர்கள் வெளியே வரும் வரையும் நின்றேன். கடைசி நாளில் பாஸ்போர்ட் தரவில்லை என்ற உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதைப் படித்த ஐயா கொஞ்சம் வேகமாகப் படித்திருக்கலாம்.

கோபமில்லை. உன் மேல் எப்படி வரும்? வீட்டுக்கு வந்ததும் காரைத் திரும்ப உறைபோட்டுக் கட்டிவிட்டேன். கழுவத் தோன்றவில்லை. நீ வரும்போது எடுப்பேன்.

பர்கத்துல்லா


க்யிம்யிண்டைங்
3 செப்டம்பர் 1995

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு உங்களிடமிருந்து இரண்டே கடிதங்கள். இரண்டிலும் வானிலை மட்டும்தான். நம் கடிதங்களைப் படிக்கும் ஐயாவுக்கே சலித்துப் போயிருக்கும்.

பேரீச்சம்பழ வியாபாரி முகைதீன் வீட்டு அக்கா போன வாரம் வந்து, "கனடாவுல நிக்காஹ் லேசாமே, உனக்கு ஏதும் எழுதினாரா?" என்று அக்கறையாகக் கேட்டுப் போனாள். காரைப் பற்றித்தான் எழுதுகிறார் என்றேன். அவளுக்கு ஏமாற்றம்.

மச்சான், நான் ஒன்று கேட்கிறேன். வருத்தப்படாமல் பதில் எழுதுங்கள். காரை மூடி வைத்திருக்கிறீர்கள். என்னையும் அப்படியே வைத்திருக்கிறீர்கள். பத்திரமாக வைத்திருப்பதும் மறந்துவிட்டதும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது. இதில் நான் எது? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஃபக்ருன்னிசா


டொராண்டோ
1 நவம்பர் 1995

என் ஃபக்ருன்னிசாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே கீழே இறங்கி உறையை அவிழ்த்தேன். வெளியே ஒரு கீறல் இல்லை. கண்ணாடி மாதிரி மின்னியது. கதவைத் திறந்து உன் பூட்ஸை எடுத்தேன். அதோடு துருப்பிடித்த காரின் தரையும் கொஞ்சம் பெயர்ந்து வந்தது. கீழே கராஜின் சிமெண்ட் தெரிந்தது.

தேவராஜைக் கூட்டி வந்து காட்டினேன். குனிந்து பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "அண்ணை, வெளியில குளிருக்க விட்டிருந்தா உப்பு உறைஞ்சு சும்மா கிடந்திருக்கும். கழுவாமல் சூட்டுக்க வைச்சு, மேல போத்தியும் விட்டிருக்கிறியள். உப்பு இருந்து வேலை செய்திருக்கு. இஞ்ச ஓடுற கார் கெடாது. ஓடிக் கழுவோணும், திரும்ப ஓடோணும்."

உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் வானிலை எழுதினேன். ஒவ்வொரு முறையும் தேதி சொல்லி, நின்று, திரும்பி வர பயம். மறக்கவில்லை. மறந்தவன் நான்கு பக்கமும் கயிறு கட்டுவானா?

இப்போது தினமும் வேலைக்குக் காரில்தான் போகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் அடியில் கழுவுகிறேன். உன் பக்கத்து ஓட்டை வழியாக ரோடு ஓடுவது தெரிகிறது. வெல்டு வைக்கவா? நீ சொன்னால் வைக்கிறேன். மனுவை மட்டும் திரும்ப வாங்காதே.

உன்
பர்கத்துல்லா


க்யிம்யிண்டைங்
28 டிசம்பர் 1995

அன்புள்ள மச்சானுக்கு,

பாஸ்போர்ட் என் கையில் இருக்கிறது. கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஜனவரி இருபத்தைந்தாம் தேதி, அதே விமானம், சாயங்காலம்.

நான் கிளம்பியதும் வாப்பா போட்டாதாங் வட்டாரத்தில் என் தம்பி சர்ஃபராஸ் வீட்டில் இருப்பார். உங்கள் ஓட்டையைப் பற்றிப் படித்துக் காட்டியதும் எழுந்து போய், ஹில்மன் பின்சீட்டுக்குக் கீழே இருந்த தேக்குப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். துணியில் சுற்றி என் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். "தேக்கு. எந்த உப்பும் ஒண்ணும் செய்யாது." ஹில்மனுக்கு வேண்டாமா வாப்பா என்று கேட்டேன். "இனி அந்த சீட்டுல உட்கார யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டு, ஆயில் டப்பாவைத் தேடுவதாகப் போனார். வெகுநேரம் தேடினார். ஆயில் டப்பா அவர் கையிலேயே இருந்தது.

இதை இடையில் படிக்கும் ஐயாவுக்கு: இதுதான் நான் எழுதும் கடைசிக் கடிதம். இத்தனை வருடம் எங்களோடு கூட வந்ததற்கு நன்றி. இதை மட்டும் சீக்கிரம் படித்து அனுப்பிவிடுங்கள். அவர் மறுபடி தனியாக நிற்கக் கூடாது.

மச்சான், வெல்டு வைக்க வேண்டாம். பலகை பெட்டியின் அடியில் இருப்பதால் வீட்டுக்குப் போய்த்தான் எடுக்க முடியும். அதுவரை ஓட்டை அப்படியே இருக்கட்டும். பனி பெய்தாலும் காரிலேயே வாருங்கள். பூட்ஸை வீட்டுக்கு வந்து போட்டுக்கொள்கிறேன். கையில் இரண்டு ஜோடி செருப்புக் கொண்டுவருகிறேன். ஒன்று விழுந்தால் இறங்கித் தேட வேண்டாம். ஓட்டிக்கொண்டே இருங்கள்.

உங்கள்
ஃபக்ருன்னிசா