இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

என் தனத்துக்கு,

உன் வண்டி ஓடுகிறது. மற்றச் செய்திகள் பிறகு. நீ இருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பாய்.

நீ போன பிறகு அதை நான் அதிகம் எடுக்கவில்லை. ஒரு நாள் பெல்மதுளைக்குப் போகும்போது, ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் கத்தியது, சக்கரம் அசையவில்லை. கியர் பெட்டி எண்ணெயைத் தொட்டு முகர்ந்தேன். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனோம்.

அங்கிருந்த மெக்கானிக் பாஸ், கியர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "ஓட்டோ கியர் எல்லாம் இங்க செய்ய ஏலாது மாத்தயா. கழட்டி வீசிட்டு மேனுவல் பெட்டி ஒண்ணு போடுவம்" என்றார்.

கிளச் வந்துவிட்டால் டீச்சரால் ஓட்ட முடியாதே என்றேன். சிறுவயதில் போலியோ வந்த உன் இடது காலை அவருக்கும் தெரியும். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "இப்ப டீச்சர் இல்லதானே மாத்தயா."

அவர் சொன்னதில் தவறும் இல்லை. என் இரண்டு காலும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனாலும், நீ ஓட்ட முடியாத வண்டி ஒன்று நம் வாசலில் நிற்பதா? வீட்டுக்கே இழுத்து வந்துவிட்டேன்.

தேயிலைத் தோட்டத்துக் கீழ் லயத்து ஆறுமுகம் வந்து, கயிறு கட்டிப் பெட்டியை இறக்கித் தந்தார். இப்போது அவர் மாணிக்கக் குழியில் கல் அரிக்கிற வேலைக்குப் போகிறார். அவர் பிள்ளைகளுக்கு நீதானே எழுத்துச் சொல்லிக் கொடுத்தாய். விறாந்தையில் சாக்கை விரித்து, வண்டியின் கையேட்டைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தேன்.

"கிளச்ச பொட்டியே மிதிச்சுக்கும்" என்பாயே, உண்மைதான். உள்ளே வளையம் வளையமாகக் கிளச் தட்டுகள். எண்ணெயின் அழுத்தம்தான் அவற்றை மிதிக்கிறது. எல்லாம் கருகிப்போயிருந்தன. கழற்றிய வரிசை மாறாதிருக்க உன் இடியாப்பத் தட்டுகளில் அடுக்கினேன். திட்டாதே. இப்போது இந்த வீட்டில் இடியாப்பம் யார் அவிக்கிறார்கள்?

இடையில் யுத்தம் முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். சந்தியில் பட்டாசு. பாற்சோறு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். அன்று யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தது. வீட்டுக்கு வந்து, கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடையில் வாங்கிய புதுத் தட்டுகளை எண்ணெயில் ஊறப்போட்டேன்.

பிறகுதான் அந்தக் காரியம் நடந்தது. எண்ணெய்க்கு வழிகாட்டும் அலுமினியப் பலகையைத் தூக்கியபோது, அதற்குள் இருந்த மிளகளவு உருக்குக் குண்டொன்று துள்ளி, படியில் பட்டு, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் போய்விட்டது. அது இல்லாவிட்டால் எண்ணெய் வழி தவறும். கியர் சரியாக விழாது. கடைக்குப் பேசினேன். குண்டு தனியாகக் கிடையாது, அந்தப் பலகையும் இப்போது வருவதில்லை என்றார்கள். பழைய ரேடியோவின் காந்தத்தை நூலில் கட்டிக் கானில் இறக்கினேன். துருப்பிடித்த ஆணிகள்தான் வந்தன. மேனுவல் பெட்டிதான் விதி என்று கானோரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஆறுமுகம் எட்டிப் பார்த்தார். "என்னாங்கய்யா, நீலக்கல்லு எதுவும் விழுந்திருச்சா?"

"இரும்புக் குண்டு. மிளகு மாதிரி இருக்கும்."

"இரும்புன்னா கனம். கனம்னா கூடைக்குக் கட்டுப்படும்ங்க."

கல் அரிக்கிற கூடையைக் கொண்டுவந்தார். கான் சேற்றை அள்ளிப் பீலியில் கொட்டும் தண்ணீரில் வைத்துச் சுழற்றினார். சருகும் சேறும் விளிம்பால் வழிந்தோடின. கனமானதெல்லாம் நடுவில் தங்கியது. வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. மறுபடி அள்ளினார், மறுபடி சாய்த்தார்.

"இந்தாங்க உங்க நீலம்." விரல் நுனியில் குண்டு மின்னியது. "குழியில கல்லு வந்தா எல்லாருக்கும் பங்குங்க. எம் பங்கு எங்க?"

"என்ன வேணும் சொல்லுங்க."

"டீச்சர் வண்டில ஒரு ரவுண்டு. புள்ளைங்களத்தான் ஏத்திட்டுப் போவாங்க, நம்மள எப்ப ஏத்துனாங்க?"

பெட்டியை மறுபடி பூட்டி ஏற்றி முடித்ததும், நேற்று அவர் பங்கைக் கொடுத்தேன். கியரைப் போட்டதும், உன் காலத்தில் கேட்குமே, அதே சின்னத் தட்டல். வண்டி தானாக நகர்ந்தது. தேயிலை ஸ்டோர் வளைவில் எதிரே லொறி வரவும், என் இடது கால் கிளச்சைத் தேடிப் போய் பிரேக்கில் ஓங்கி மிதித்துவிட்டது. ஆறுமுகத்தின் நெற்றி முன்னால் போய் இடித்தது.

"ஐயோ, பொட்டி போச்சுங்களா!"

"பொட்டி இல்ல ஆறுமுகம். என் காலு."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். "டீச்சர் ஓட்டுனா புள்ளைங்க தூங்கிட்டு வருங்க."

நான் எப்போதாவது ஓட்டினால், எத்தனை முறை சொல்லியிருப்பாய்? "அங்க ஒண்ணும் இல்லங்க. அந்தக் கால சும்மா வைங்க." தெருவே கேட்கும்படி சிரிப்பாய்.

அவரை லயத்தடியில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பினேன். பக்கத்து ஆசனம் காலி. இத்தனை வருடமும் நான் உட்கார்ந்து வந்த இடம் அது. அங்கிருந்து பார்த்தால் நீ எப்படித் தெரிவாய் என்பது எனக்கு மனப்பாடம். இந்தப் பக்கமிருந்து திரும்பி என்னைப் பார்த்தபோதெல்லாம் உனக்கு என்ன தெரிந்தது, தனம்?

வண்டியை யாரும் மாற்ற விடமாட்டேன். ஏறி உட்கார்ந்ததும் நீ ஓட்டிக்கொண்டு போகிற வண்டியாகவே அது வாசலில் நிற்கும். இந்தக் காலையும் இனிச் சும்மா வைத்துக்கொள்கிறேன்.

பக்கத்து ஆசனத்தை விட்டு இடம் மாறி உட்கார்ந்திருக்கும்
உன் வீட்டுக்காரன்